'நார்மலா இரு!' - ஹோமோஃபோபியா, ஹெட்டிரோநார்மட்டிவிட்டி... இந்த வார்த்தைகளுக்கு என்னதான் அர்த்தம்?

சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். பந்தியில் உங்களுக்கு ஒரு பக்கம் பெரியம்மா, இன்னொரு பக்கம் காலேஜ் ஃப்ரெண்ட். ரசம் வரும் நேரத்தில் பெரியம்மா உங்கள் ஃப்ரெண்டைப் பார்த்து, "என்னப்பா, அடுத்து உன் கல்யாணச் சாப்பாடுதானே? பொண்ணு பார்த்தாச்சா?" என்று கேட்கிறார். எல்லோரும் சிரிக்கிறார்கள். ஃப்ரெண்டும் சிரிக்கிறார். "பார்த்துக்கிட்டே இருக்காங்க பெரியம்மா" என்று சொல்லிவிட்டு, மோர் வருகிறதா எனத் திரும்பிப் பார்க்கிறார்.

இதில் யாரும் யாரையும் திட்டவில்லை. பெரியம்மா பாசமாகத்தான் கேட்டார். ஆனால், அந்த ஃப்ரெண்டு மூன்று வருடங்களாக ஒரு பையனைக் காதலிக்கிறார் என்பது அந்தப் பந்தியில் யாருக்கும் தெரியாது. உங்களுக்கும் தெரியாது.

ஏன் தெரியாது? கொஞ்சம் ரீவைண்ட் செய்து பாருங்கள். போன மாதம் உங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் இரண்டு ஆண்கள் கைகோத்து நிற்கும் போட்டோவைப் போட்டு யாரோ கலாய்த்தார்கள். நீங்களும் ஒரு சிரிப்பு எமோஜி தட்டிவிட்டீர்கள். உங்கள் ஃப்ரெண்டு அதைப் பார்த்தார். அவ்வளவுதான். உங்களிடம் சொல்ல நினைத்ததை அன்றைக்கே மனசுக்குள் பூட்டிவிட்டார்.

இது கற்பனைக் காட்சிதான். ஆனால், உங்கள் நட்பு வட்டத்தில் இது நடக்கவே நடக்காது என்று உங்களால் அடித்துச் சொல்ல முடியாது. அந்த எமோஜிக்கு ஒரு பெயர் இருக்கிறது: ஹோமோஃபோபியா. பெரியம்மாவின் கேள்விக்குப் பின்னால் இருப்பதற்கு வேறொரு பெயர்: ஹெட்டிரோநார்மட்டிவிட்டி. இன்ஸ்டா கமென்ட்டுகளில் இந்த இரண்டு வார்த்தைகளையும் அடிக்கடி பார்த்திருப்பீர்கள். "ஏதோ இங்கிலீஷ் சண்டை" என்று ஸ்க்ரோல் செய்து போயிருப்பீர்கள். இன்றைக்கு நின்று பார்த்துவிடலாம்.

ஹோமோஃபோபியா... இது பயமா, வெறுப்பா?

'ஃபோபியா' என்றதும் உயரத்தைப் பார்த்துப் பயப்படுவது, கரப்பான்பூச்சியைப் பார்த்து அலறுவது எல்லாம் ஞாபகத்துக்கு வரும். இது அந்த வகை இல்லை. கரப்பான்பூச்சிக்குப் பயப்படுகிறவர் ஓடிப்போவார். இங்கே 'பயப்படுகிறவர்' ஓடுவதில்லை. எதிரில் இருப்பவரை ஓடவைக்கிறார்.

தன் பாலினத்தவர்மீதே காதலும் ஈர்ப்பும் கொண்டவர்களை வெறுப்பது, அருவருப்பாகப் பார்ப்பது, கேலி செய்வது, ஒதுக்குவது, அவர்களுக்குக் கிடைக்க வேண்டியதைக் கிடைக்காமல் செய்வது... இவை எல்லாமே ஹோமோஃபோபியாதான்.

இந்த வார்த்தையை 1960-களில் உருவாக்கியவர் ஜார்ஜ் வெயின்பெர்க் என்ற அமெரிக்க உளவியலாளர். 1972-ல் வெளியான அவருடைய புத்தகத்துக்குப் பிறகு இது பரவலானது. அதுவரை தன்பாலீர்ப்பாளர்களைப் பார்த்து எல்லோரும் கேட்ட கேள்வி, "உங்களுக்கு என்ன பிரச்னை?" என்பதுதான். வெயின்பெர்க் அந்தக் கேள்வியைத் திருப்பிப் போட்டார். "அவங்களைப் பார்த்தா உங்களுக்கு என்ன பிரச்னை?" ஆராய்ச்சிக் கண்ணாடியை மறுபக்கம் திருப்பியதுதான் இந்த வார்த்தை செய்த பெரிய வேலை.

ஹோமோஃபோபியா என்றால் அடிதடி மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். அதற்குப் பல முகங்கள் உண்டு.

நேரடியானது: அடிப்பது, மிரட்டுவது, வீட்டைவிட்டுத் துரத்துவது, 'ஊர் பூரா சொல்லிடுவேன்' என்று பணம் பறிப்பது.

கேலி: கொஞ்சம் மென்மையாகப் பேசும் பையனைப் பள்ளியில் 'ஒம்போது' என்று கூப்பிடுவது. சினிமாவில் பெண்போல நடந்து வந்து ஹீரோமேல் விழும் ஆண் கேரக்டர், அதற்கென்றே ஒரு பின்னணி மியூசிக், தியேட்டர் முழுக்க விசில். இதை எல்லாம் பார்த்துத்தானே வளர்ந்திருக்கிறோம்?

அமைப்புரீதியானது: சட்டம், காவல் நிலையம், மருத்துவமனை, அலுவலகம் என எல்லா இடங்களிலும் ஒருவரை இரண்டாம்தரமாக நடத்துவது. இதில் யாரும் கத்த மாட்டார்கள். ஃபைல் நகராது, அவ்வளவுதான்.

உள்ளுக்குள் இருப்பது: இதுதான் அதிகம் வலிப்பது. சின்ன வயதிலிருந்து இதையெல்லாம் கேட்டு வளர்ந்த தன்பாலீர்ப்பாளரே, 'நான் அசிங்கம்', 'நான் பிறந்திருக்கவே கூடாது' என்று நம்பத் தொடங்கிவிடுவது. அடிக்க வெளியில் ஆளே தேவையில்லை. அந்த ஆள் உள்ளேயே குடிவந்துவிடுவார்.

இன்னொன்றையும் தெளிவுபடுத்திக்கொள்ளலாம். நம் ஊரில் தன்பாலீர்ப்பாளர், திருநங்கை, திருநம்பி எல்லோரையும் ஒரே பையில் போட்டுவிடுகிறோம். 'நான் யார்' என்பது பாலின அடையாளம். 'எனக்கு யாரைப் பிடிக்கும்' என்பது ஈர்ப்பு. இரண்டும் வேறு வேறு. திருநர்கள்மீது காட்டப்படும் வெறுப்புக்கு டிரான்ஸ்ஃபோபியா என்று தனிப் பெயரே இருக்கிறது.

ஹெட்டிரோநார்மட்டிவிட்டி... வாயில் நுழையலையா?

நுழையாவிட்டால் பரவாயில்லை. விஷயம் நமக்குப் பழகினதுதான். 'ஆணுக்குப் பெண்ணைத்தான் பிடிக்கும், பெண்ணுக்கு ஆணைத்தான் பிடிக்கும், எல்லோரும் அப்படித்தான், அதுதான் இயல்பு' என்று யாரும் சொல்லாமலேயே எல்லோரும் எடுத்துக்கொள்வதற்குப் பெயர்தான் இது. மைக்கேல் வார்னர் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1991-ல் எழுதிய கட்டுரை மூலம் இந்தச் சொல் பிரபலமானது.

ஆனால், அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை. நம்முடைய உறவுமுறைச் சொற்களையே எடுத்துக்கொள்ளுங்கள். அத்தை வீட்டில் பையன், மாமா வீட்டில் பெண் பிறந்தால் தொட்டில் ஆடும்போதே 'முறைப்பையன்', 'முறைப்பொண்ணு' ரெடி. பேசத் தெரியாத குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டு, "வாங்க மாப்ள!" என்று கொஞ்சுகிறோம். அந்தப் பெண் பெரியவளானால் தாய்மாமன் சீரோடு ஊரைக் கூட்டி மஞ்சள் நீராட்டு விழா. பையனுக்கு மீசை முளைத்தால், "யாராவது பொண்ணைப் பார்த்து வெச்சிருக்கியாடா?" கல்யாண வயது வந்தால் ஜாதகக் கட்டு.

பாருங்கள், ஒருத்தர் யாரைக் காதலிக்கப்போகிறார் என்று அவரிடம் கேட்பதற்கு முன்பாகவே பதில் எழுதிவிட்டோம். இதில் எங்கேயும் வெறுப்பு இல்லை. பாசமும் சீரும் சிரிப்பும்தான் இருக்கின்றன. அதனால்தான் இதைக் கண்டுபிடிப்பது கஷ்டம்.

வெளியிலும் இதே கதைதான். 'ஃபேமிலிக்கு மட்டும்' என்று டூலெட் போர்டு. 'கணவர் / மனைவி பெயர்' என்று விண்ணப்பப் படிவம். ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட, "ரத்த சொந்தம் யாரும் இல்லையா?" என்று ஒரு கேள்வி. பத்து வருடம் ஒன்றாக வாழ்ந்த இரண்டு பெண்களில் ஒருவர் ஐசியூவில் இருந்தால், இன்னொருவர் அங்கே 'ஃப்ரெண்டு'. வராண்டாவில் நிற்க வேண்டியதுதான்.

இதைப் படித்துவிட்டு, "அப்போ ஆண்-பெண் காதலே தப்பா?" என்று கேட்கக் கூடாது. நீங்கள் எதிர்பாலீர்ப்பு உள்ளவராக இருப்பதில் எந்தத் தப்பும் இல்லை. 'நான் இப்படி இருக்கேன்' என்பது உங்கள் வாழ்க்கை. 'எல்லாரும் இப்படித்தான் இருக்கணும்' என்பதுதான் ஹெட்டிரோநார்மட்டிவிட்டி.

இரண்டுக்கும் என்ன சம்பந்தம்?

இதைப் புரிந்துகொள்ள, சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்த ஒரு வழக்கைப் பார்க்கலாம். 2021-ம் வருடம். மதுரையைச் சேர்ந்த இரண்டு இளம்பெண்கள் ஒருவரையொருவர் காதலித்தார்கள். வீடுகளில் கடும் எதிர்ப்பு. இருவரும் சென்னைக்கு வந்து, தொண்டு நிறுவனங்களின் உதவியோடு தங்கினார்கள். இரண்டு வீட்டாரும் 'மகளைக் காணவில்லை' என்று புகார் கொடுக்க, போலீஸ் விசாரணைக்கு வந்தது. பாதுகாப்புக் கேட்டு இருவரும் நீதிமன்றத்தின் கதவைத் தட்டினார்கள்.

வழக்கை விசாரித்தவர் நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ். அவர் உடனே தீர்ப்பு எழுதவில்லை. அந்தப் பெண்களையும் பெற்றோர்களையும் ஓர் உளவியல் நிபுணரைச் சந்திக்கச் சொன்னார். நிபுணர் கொடுத்த அறிக்கையில் பெற்றோர் தரப்பு மனநிலை அப்படியே பதிவானது. மகள்கள் இன்னொரு பெண்ணுடன் வாழ்வதைவிட, காலம் முழுக்கத் துணையே இல்லாமல் இருந்துவிடுவது கௌரவம் என்று அவர்கள் நினைத்தார்கள். வம்சம் என்ன ஆகும், சமூகம் என்ன சொல்லும், பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு இருக்குமா என்ற பயமும் அவர்களுக்கு இருந்தது.

கவனித்தீர்களா? அவர்கள் மகள்களை வெறுக்கும் பெற்றோர் இல்லை. மகள்களுக்கு என்ன ஆகுமோ என்று பயப்படுகிறவர்கள்தான். ஆனால் 'ஆண்-பெண் கல்யாணம், அதில் பிறக்கும் வாரிசு... இது மட்டும்தான் வாழ்க்கை' என்ற ஒரே வரைபடம்தான் அவர்கள் கையில் இருந்தது. அந்த வரைபடத்தில் தங்கள் மகள்களுக்கு இடம் இல்லை என்றதும், மகள்களின் மகிழ்ச்சியைவிட அவர்களின் தனிமை மேலானதாகத் தெரிந்தது.

ஹெட்டிரோநார்மட்டிவிட்டி என்பது தரை. ஹோமோஃபோபியா அந்தத் தரையில்தான் காலூன்றி நிற்கிறது. ஒன்று அடி, இன்னொன்று அந்த அடியை நியாயப்படுத்தும் 'நார்மல்' என்ற சொல்.

நீதிபதியே பாடம் படித்த கதை

இந்த வழக்கின் முக்கியமான திருப்பம் இனிமேல்தான். தனக்கே இந்த விஷயம் சரியாகப் புரியவில்லை என்பதை நீதிபதி உணர்ந்தார். தீர்ப்பு மூளையிலிருந்து மட்டுமல்ல, மனசிலிருந்தும் வர வேண்டும்; அதற்கு முதலில் தான் தெளிய வேண்டும் என்று உத்தரவிலேயே பதிவு செய்தார். உளவியல் நிபுணரிடம் தானே ஒரு மாணவனைப்போலப் போய் உட்கார்ந்தார்.

2021 ஜூன் 7-ம் தேதி தீர்ப்பு வந்தது. தன்பாலீர்ப்பைப் பற்றி முழுமையாகப் புரிந்துகொள்ளாத பெரும்பான்மை மக்களில் தானும் ஒருவராகவே இருந்ததை நீதிபதி அதில் ஒப்புக்கொண்டார். அறியாமையைக் காரணம் காட்டிப் பாகுபாட்டை நியாயப்படுத்த முடியாது என்றும் எழுதினார்.

அதோடு நிற்கவில்லை. 'காணவில்லை' புகாரில் தேடப்படுபவர்கள், விருப்பத்தோடு சேர்ந்து வாழும் வயதுவந்த தன்பாலீர்ப்பாளர்கள் என்று தெரிந்தால், வாக்குமூலம் வாங்கிக்கொண்டு போலீஸ் புகாரை முடித்துவைக்க வேண்டும், தொந்தரவு செய்யக் கூடாது என்று உத்தரவிட்டார். 'மாத்திடறோம், குணப்படுத்திடறோம்' என்று சிகிச்சை அளிப்பதற்கும் தடை விதித்தார். அதைத் தொடர்ந்து 2022-ல் தமிழகக் காவலர் நடத்தை விதிகளிலேயே மாற்றம் வந்தது. பால்புதுமையினரையும் அவர்களுக்காக வேலை செய்பவர்களையும் போலீஸார் துன்புறுத்தக் கூடாது என்று ஒரு விதி சேர்க்கப்பட்டது.

சட்டம் படித்த, நீதிபதி நாற்காலியில் இருக்கும் ஒருவரே "எனக்குத் தெரியலை, கத்துக்கறேன்" என்று சொல்லலாம் என்றால், நாமும் சொல்லலாம். ஹோமோஃபோபியா யாருடைய ரத்தத்திலும் இல்லை. பழகினது, அதனால் அதை விடவும் பழகலாம்.

'நார்மல்' ஆக்கும் சடங்குகள்

தீர்ப்பு வந்ததும் எல்லாம் மாறிவிட்டதா? இல்லை. நான்கு வருடம் கழித்து, 2025 மே மாதம், சென்னை உயர் நீதிமன்றத்துக்கு இன்னொரு வழக்கு வந்தது. 25 வயதுப் பெண் ஒருவரை அவர் குடும்பத்தினர் அடைத்துவைத்திருக்கிறார்கள் என்று அவருடைய இணையர் ஆட்கொணர்வு மனு போட்டிருந்தார். நீதிபதிகள் ஜி.ஆர்.சுவாமிநாதன், வி.லட்சுமிநாராயணன் அமர்வு அந்தப் பெண்ணிடம் நேரடியாகப் பேசியது. தன்னை வலுக்கட்டாயமாக வீட்டுக்குக் கொண்டுபோய் அடித்தார்கள், 'நார்மல்' ஆக்குவதற்காகச் சில சடங்குகள் செய்யவைத்தார்கள் என்று அவர் சொன்னார்.

அவர் விருப்பப்படி வாழலாம், அதைக் குடும்பத்தினர் தடுக்கக் கூடாது என்று நீதிமன்றம் உத்தரவிட்டது. உதவி கேட்டும் செயல்படாத போலீஸைக் கண்டித்தது. குடும்பம் அமைக்கக் கல்யாணம் மட்டுமே வழி இல்லை. விரும்பித் தேர்ந்துகொண்டவர்களும் குடும்பம்தான் என்றும் சொன்னது. பந்தியில் பெரியம்மா கேட்ட கேள்விக்கும் அந்தச் சடங்குக்கும் நடுவில் பெரிய தூரம் இருக்கிறது, உண்மைதான். ஆனால் இரண்டும் ஒரே சாலையில்தான் இருக்கின்றன.

சட்டம் இப்போது என்ன சொல்கிறது?

"இதெல்லாம் வெள்ளைக்காரன் கலாசாரம்" என்று சொல்பவர்கள் கொஞ்சம் கவனிக்கவும். இந்தியாவில் தன்பாலீர்ப்பு உறவைக் குற்றமாக்கிய 377-வது சட்டப்பிரிவை எழுதியதே வெள்ளைக்காரர்கள்தான். 1860-ம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் அது இருந்தது.

2009-ல் டெல்லி உயர் நீதிமன்றம், வயதுவந்தவர்கள் விருப்பத்தோடு தனிமையில் இருப்பது குற்றமில்லை என்றது. 2013-ல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. 2018 செப்டம்பர் 6 அன்று, உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, வயதுவந்தவர்கள் விருப்பத்தோடு கொள்ளும் உறவு குற்றமில்லை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. இவர்களிடமும் இவர்கள் குடும்பங்களிடமும் வரலாறு மன்னிப்புக் கேட்கக் கடமைப்பட்டிருக்கிறது என்று நீதிபதி இந்து மல்ஹோத்ரா அப்போது எழுதினார்.

திருமணம்? 2023 அக்டோபர் 17 அன்று, தன்பாலினத் திருமணத்தை அங்கீகரிக்கச் சட்டத்தில் வழியில்லை, அதை நாடாளுமன்றம்தான் பார்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதற்கிடையில் சின்னச் சின்னக் கதவுகள் திறக்கின்றன. பால்புதுமையினர் ஜாயின்ட் அக்கவுன்ட் தொடங்கவும், இணையரை நாமினியாகப் போடவும் எந்தத் தடையும் இல்லை என்று 2024 ஆகஸ்ட்டில் மத்திய நிதி அமைச்சகம் தெளிவுபடுத்தியது.

தமிழர்கள் வாழும் மற்ற ஊர்களிலும் இதே காலனிக் காலச் சட்டத்தின் நிழல் உண்டு. இலங்கையில் 1883-ம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையில் இருக்கும் 365ஏ பிரிவு ஆரம்பத்தில் ஆண்களுக்கு மட்டும் என்று இருந்தது. 1995-ல் செய்யப்பட்ட திருத்தத்தால் பெண்களும் அதற்குள் வந்துவிட்டார்கள். சிங்கப்பூரோ தன் 377ஏ பிரிவை 2022-ல் நாடாளுமன்றத்தில் நீக்கிவிட்டது.

"டாக்டர்கிட்ட போனா சரியாயிடுமா?"

சரியாவதற்கு இது நோய் இல்லை. 1973-ல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன் நோய்ப் பட்டியலிலிருந்து இதை நீக்கியது. 1990 மே 17 அன்று உலக சுகாதார நிறுவனமும் நீக்கியது. அந்த நாளின் நினைவாகத்தான் ஒவ்வொரு வருடமும் மே 17, ஹோமோஃபோபியாவுக்கு எதிரான சர்வதேச தினமாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. இந்திய மனநல மருத்துவர்கள் சங்கமும் 2018-ல், இது நோய் இல்லை என்று வெளிப்படையாகச் சொன்னது.

'மாற்றும்' சிகிச்சை செய்வது மருத்துவருக்குத் தொழில்முறைத் தவறு என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-ல் அறிவித்தது. ஆக, "மாத்திடலாம், கூட்டிட்டு வாங்க" என்று யாராவது சொன்னால், அவர் கோட்டு போட்டிருந்தாலும் சரி, வேப்பிலை வைத்திருந்தாலும் சரி, வாசலோடு திரும்பிவிடுங்கள்.

"கல்யாணம் பண்ணிவெச்சா சரியாயிடும்" என்பது இன்னும் ஆபத்தானது. அங்கே ஒரு வாழ்க்கை இல்லை, இரண்டு வாழ்க்கை உடைகிறது. விஷயம் தெரியாமல் கழுத்தை நீட்டும் அந்தப் பெண்ணோ, மாலையோடு நிற்கும் அந்தப் பையனோ செய்த தப்பு என்ன?

எந்த வார்த்தையில் பேசுவது?

செய்திகளில் பல காலம் புழங்கிய வார்த்தை 'ஓரினச்சேர்க்கையாளர்'. அதில் என்ன சிக்கல் என்கிறீர்களா? 'சேர்க்கை' என்றதும் படுக்கையறை மட்டும்தான் கண்ணில் படும். கணவன்-மனைவியை நாம் 'சேர்க்கையாளர்கள்' என்றா சொல்கிறோம்? காதல், அக்கறை, காய்ச்சல் வந்தால் கஞ்சி வைத்துக் கொடுப்பது என எல்லாம் சேர்ந்ததுதானே உறவு? அதனால்தான் 'தன்பாலீர்ப்பு', 'தன்பாலீர்ப்பாளர்' என்ற சொற்கள் வந்தன.

மதுரைப் பெண்களின் வழக்கில், கண்ணியமான சொற்களுக்கு ஒரு பட்டியல் வேண்டும் என்ற பேச்சும் எழுந்தது. அதன் தொடர்ச்சியாக 2022-ல் தமிழக அரசு, அரசிதழிலேயே ஒரு சொற்களஞ்சியம் வெளியிட்டது. 'க்வியர்' என்பதற்குத் தமிழில் 'பால்புதுமையினர்' என்ற அழகான சொல் இப்படித்தான் அதிகாரபூர்வமானது. வார்த்தை மாறினால் எல்லாம் மாறிவிடாது. ஆனால் வீட்டில் அம்மாவிடம் சொல்ல ஒரு பிள்ளைக்குக் கூச வைக்காத ஒரு வார்த்தையாவது கையில் இருக்கும்.

"எனக்குப் பிடிக்கலைன்னு சொல்ல உரிமை இல்லையா?"

இந்தக் கேள்வி உங்களுக்குள் ஓடலாம். நியாயமான கேள்விதான். உங்கள் மனசில் ஒரு சங்கடம் வருவதை யாரும் போலீஸ் வைத்துத் தடுக்க முடியாது. வளர்ந்த விதம் அப்படி. ஆனால், அந்தச் சங்கடத்துக்கான விலையை யார் கொடுக்கிறார்கள் என்று பாருங்கள். நீங்கள் முகம் சுளித்தால் உங்களுக்கு இரண்டு நொடி. அவருக்கு அது வேலை, வீடு, சில சமயம் உயிர். உங்கள் சங்கடம் உங்களுடைய பொறுப்பு. அதை அவர் தலையில் இறக்கிவைக்கும்போதுதான் அது ஹோமோஃபோபியா ஆகிறது.

இன்னொன்று... இந்த வெறுப்பு தன்பாலீர்ப்பாளர்களை மட்டும் பாதிப்பதில்லை. அழுதால் "என்னடா பொட்டச்சி மாதிரி" என்று கேட்கப்பட்ட ஒவ்வொரு பையனும், ஃப்ரெண்டின் தோளில் சாயக் கூச்சப்படும் ஒவ்வோர் ஆணும், பைக் ஓட்டி முடியை வெட்டிக்கொண்டதற்காக "ஆம்பளைப் புள்ள" என்று கேலிக்கு ஆளான ஒவ்வொரு பெண்ணும் இதே பிரம்பால்தான் அடி வாங்கியிருக்கிறார்கள்.

நீங்கள் என்ன செய்யலாம்?

கொடி பிடிக்க வேண்டும் என்று சொல்லவில்லை. பிடித்தால் சந்தோஷம். சென்னையில் 2009 முதல் வானவில் பேரணி நடந்துகொண்டிருக்கிறது. ஆனால், தினசரி வாழ்க்கையில் செய்யக்கூடிய சின்ன விஷயங்களே நிறைய உண்டு.

கேள்வியைக் கொஞ்சம் மாற்றுங்கள். "கேர்ள் ஃப்ரெண்ட் இருக்கா?" என்பதற்குப் பதில் "யாரையாவது பிடிச்சிருக்கா?" போதும். பதில் சொல்கிறவருக்கு ஒரு ஜன்னல் திறந்துவிடும்.

குரூப்பில் கேலி வந்தால் சண்டை போட வேண்டாம். "இதுல காமெடி எங்கப்பா இருக்கு?" என்ற ஒரு வரி போதும். அந்த வரியை யாரோ ஒருவர் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்வார்.

யாராவது உங்களிடம் மனம் திறந்து சொன்னால் முதல் ஐந்து நிமிடம் ரொம்ப முக்கியம். "நிஜமாவா?", "நல்லா யோசிச்சியா?", "உன்னைப் பார்த்தா அப்படித் தெரியலையே?" இவை வேண்டாம். "என்னை நம்பிச் சொன்னதுக்குத் தேங்க்ஸ். வீட்டுல சேஃபா இருக்கியா?" இது போதும்.

அவர் உங்களிடம் சொன்னது உங்களிடமே இருக்கட்டும். 'நல்லதுக்குத்தானே' என்று அவர் அக்காவிடமோ அம்மாவிடமோ போட்டு உடைத்துவிடாதீர்கள். எப்போது, யாரிடம் சொல்வது என்பது அவருடைய உரிமை. நீங்கள் அவசரப்பட்டால் அன்றிரவு அவர் தலைக்கு மேல் கூரை இல்லாமல் போகலாம்.

இதைப் படிக்கும் நீங்களே அந்த ஃப்ரெண்டாக இருந்தால், ஒன்றே ஒன்று. உங்களிடம் கோளாறு எதுவும் இல்லை. எல்லோரிடமும் உடனே சொல்லியே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. சொந்தக் காலில் நிற்கும்வரை காத்திருப்பது கோழைத்தனம் ஆகாது. மனசு ரொம்பக் கனத்தால், மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416-க்குக் கூப்பிடலாம். 24 மணி நேரமும் இலவசம். தமிழிலும் பேசலாம்.

மறுபடி பந்திக்கு வருவோம்...

பெரியம்மா மாறவில்லை. அதே கேள்வியைத்தான் கேட்கிறார். "பொண்ணு பார்த்தாச்சா?" இந்த முறை உங்கள் ஃப்ரெண்டு சிரிப்பதற்குள் நீங்கள் முந்திக்கொள்கிறீர்கள். "ஏன் பெரியம்மா, அவன் சந்தோஷமா இருக்கானான்னு முதல்ல கேளுங்களேன். பாயசம் இன்னொரு கரண்டி போடச் சொல்லட்டுமா?"

பெரியம்மாவுக்கு ஒன்றும் புரியாது. பாயசம் வரும், பேச்சு மாறும். ஆனால் உங்கள் பக்கத்து இலைக்காரர் உங்களை ஒரு நொடி திரும்பிப் பார்ப்பார். அன்றைக்கோ, ஆறு மாதம் கழித்தோ, ஒரு ராத்திரி உங்கள் போனுக்கு, "மச்சி, ஃப்ரீயா? உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்று ஒரு மெசேஜ் வரலாம்.

வந்தால், உடனே கூப்பிடுங்கள்.